கமீலின் வலது கை

ஸுல்மாவின் நிலம் ஈப்பர் நகரத்துக்கு வெளியே இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஐம்பது வருஷமாகியும், உழும்போதெல்லாம் அந்தப் பாழாய்ப்போன மண் வெடிக்காத குண்டுகளைக் கக்கியது. கிடைத்ததை ரோட்டோர மின்கம்பத்தடியில் வைத்துவிட்டால் ராணுவ லாரி வந்து அள்ளிப் போகும். ஊர் வழக்கம் அதுதான். அவளுடைய அப்பா மட்டும் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவரைப் பொறுக்கிச் சாக்கில் கட்டியபோது ஸுல்மா சின்னப் பெண்.

வாய்த்த புருஷனுக்கும் அதே பைத்தியம். கமீல் சோறு தண்ணி மறந்து போர் வரலாறு படிப்பவன். எந்தப் படை எந்த வரப்பில் செத்தது, எந்த ஆலைப் பெண்கள் குண்டு செய்தார்கள், எல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். கொட்டகையில் குண்டை இடுக்கியில் இறுக்கி, அதன் மூக்குப் பகுதியைத் திருகிக் கழற்றி, பித்தளையில் குத்தியிருக்கும் ஆலை முத்திரையைப் படிப்பான். பக்கத்துப் பண்ணை ரெமி கூடவே நின்று விளக்குப் பிடிப்பான். நல்ல ஜோடி!

“கம்பத்தடியில கொண்டுபோய் வையேன்யா!”

“பயந்து சாகாதடி. உள்ள மருந்து ஊறிப் போச்சு.”

“எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு.”

ஒரு நாள் அவளே ஒரு குண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கம்பத்துக்குத் தள்ளிப் போனாள். கமீல் ஓடிவந்து கொண்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தான். அவளுக்கு வெறி வந்துவிட்டது. மண்வெட்டிக் காம்பால் அவன் வலது கையில் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் அலற அலற இன்னொன்றும் போட்டாள்.

“இனி திருகு, பாப்போம்!”

ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, ஆள் உயிரோடு இருக்கிறானே என்று அவளுக்கு நிம்மதி. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவனுக்கு மோர்க்கஞ்சி ஊட்டினாள்.

“சுடுதுடி, சனியனே!”

“திட்டு, நல்லா திட்டு. திட்டறதுக்கு வாய் இருக்குல்ல.”

அப்போதுதான் கொட்டகை வெடித்தது. ஜன்னல் கண்ணாடி இருவர் முகத்திலும் சிதறியது. முற்றமெங்கும் ஓடுகள் கொட்டின. “ரெமி!” என்று கமீல் கதறினான். மிச்சமிருக்கும் குண்டுகளின் முத்திரையைப் படிக்க முடியவில்லையே என்று காலையில் அவனிடம்தான் புலம்பியிருந்தான். சிநேகிதனுக்காக ரெமியே திருகப் போயிருக்கிறான்.

ஸுல்மா புகைக்குள் ஓடினாள். ரெமிக்கு இடுப்புக்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லை.

ரெமியின் பெண்டாட்டி நெலி மூச்சிரைக்க வந்து பார்த்தாள். அழவில்லை. ஸுல்மாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

“உன் புருஷன் கைய ஒடிச்சு அவன மட்டும் காப்பாத்திக்கிட்டியே... என் புருஷன் கையையும் சேத்து ஒடிச்சிருந்தா என்னடி?”