மயிர் தட்டிய சுருமாக் குப்பி

தலைமன்னார் பாலத்தடியில் துரையின் பங்களாவில் வேலை செய்தேன். சமையலுக்கு வேறு ஆள். மற்றதெல்லாம் நான்.

துரைக்குப் பாறை மீன் பிடிக்கிற பைத்தியம். இரை குத்த மாட்டார். தூண்டிலில் மயிர்க் கற்றையைக் கட்டி எறிவார். பாறை அதைச் சின்ன மீன் என்று நம்பிப் பாய வேணும். அதுதான் அவருக்கு விளையாட்டு. அவருக்குக் கண் மங்கின பிறகு கட்டுகிற வேலை என் கைக்கு வந்தது.

மான் வாலில் வெட்டின மயிரில் ஒன்று நீளம், ஒன்று கட்டை. நுனி எல்லாம் ஒரு மட்டத்தில் நிற்க வேணும். இல்லாவிட்டால் தண்ணிக்குள் மீனாகத் தெரியாது, குப்பையாகத் தெரியும். அதுக்கு ஒரு குழாய் வேணும். நுனி கீழே இருக்க மயிரைப் போட்டு, மேசையில் நாலு தட்டுத் தட்டினால் எல்லாம் இறங்கி மட்டமாகும்.

முதலில் மூங்கில் வெட்டினேன். உள்ளே சிலும்பு, மயிர் பாதி வழியில் நின்றுவிட்டது. மருந்துக் குப்பியில் போட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கினது. மூன்றாம் தட்டில் குப்பி உடைந்தது. துரை சுட்ட பித்தளைத் தோட்டாக் கோது ஒன்று கிடந்தது. பாரமானது, தட்டுத் தாங்கும். ஆனால் வாய் அகலம். கொஞ்ச மயிர் போட்டால் சரிந்து படுத்துவிடும்.

அதில் தட்டிக் கட்டினதைத் துரை தூக்கிப் பார்த்துவிட்டு, ரோட்டில் நிற்கிற கழுதையின் வாலை வெட்டினாயோ என்று கேட்டார். சமையற்காரன் அதைக் கடையடியில் போய்ச் சொல்லிவிட்டான். ஒரு கிழமையாக, "கழுதையிட்டக் கேட்டோ வெட்டினனீர்?" என்று கண்டவன் எல்லாம் கேட்டான்.

எனக்கு ரோசம் வந்தது. செய்ததுக்கு வேறு காரணம் இல்லை.

வீட்டுப் பெட்டகத்தில் ஒரு சுருமாக் குப்பி இருந்தது. பித்தளை. என் மனிசியின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் மௌத்தாகிவிட்டார். கூடப் போனவர் கொண்டுவந்து கொடுத்தது அது ஒன்றுதான். பெருநாளுக்கு மட்டும் எடுத்துக் கண்ணுக்குச் சுருமா போடுவாள். துடைத்துத் திரும்ப வைப்பாள்.

சின்னி விரல் போகிற அகலம். சுருமா தொடுகிற குச்சி போய்ப் போய் உள்ளே கண்ணாடி மாதிரி. அவள் கிணற்றுக்குப் போன நேரம் தோட்டாக் கோதுக்குள் இறக்கிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. அடியை அராவி எடுத்துவிட்டால் குழாய். கோதுக்குள் நிறுத்தித் தட்டலாம். பிறகு சரித்துக் குழாயை இழுத்தால் மயிர் நுனி கலையாமல் வெளியே நிற்கும்.

அடுத்த நாள் எடுத்துக்கொண்டு போனேன். மிச்சம் இருந்த சுருமாவை மணலில் கொட்டி, அடியை அராவி எடுத்தேன்.

அதில் தட்டிக் கட்டினதைப் பார்த்துத் துரைக்கு நல்ல சந்தோசம். ரெண்டையும் தன்னுடைய தூண்டில் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பெருநாள் விடிய மனிசி பெட்டகத்தைத் திறந்தாள். குப்பி இல்லை. வீடு முழுக்கத் தேடினாள். நானும் தேடினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். பானைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினேன்.

பக்கத்து வளவு ராத்தா வந்து அரிசியை வாங்கிப்போய் எங்களுக்கு மா இடித்துத் தருகிறவ. விதவை. ஏழெட்டு வீட்டுக்கு இடித்துத்தான் சீவியம்.

"ராத்தா மட்டுந்தான் உள்ளுக்க வந்து போனவ. அவவா இருக்குமோ?" என்று மனிசி கேட்டாள்.

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். நான் சொன்னதால் அவளுக்கு அது நிச்சயமாகிவிட்டது. ராத்தாவைக் கூப்பிடுவதை விட்டாள். கதை வேலிக்கு வேலி போனது. மற்ற வீட்டுக்காரரும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உலக்கைச் சத்தம் கேட்கிறதே இல்லை.

ஒரு நாள் பின்னேரம் ராத்தா வேலியடியில் என்னைக் கூப்பிட்டா. வீட்டுக்குள் வந்து பார்க்கச் சொன்னா, பெட்டி எல்லாம் திறந்து வைத்திருக்கிறாவாம். வேண்டாம் என்றேன்.

"நீங்களாவது என்னை நம்புறீங்கள் தம்பி. அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தரட்டும்" என்றா.

நேரே வீட்டுக்குள் போனேன். மனிசியைக் கூப்பிட்டு, குப்பியை நான்தான் எடுத்தது, அடியை அறுத்தாச்சு என்றேன்.

"பாயைத் தூக்கிப் பார்த்தனீங்களே" என்றாள்.

குப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வாங்கோ என்று முன்னால் நடந்தாள்.

ராத்தாவின் படலையில் நின்று சொன்னேன். அவ ஏசுவா என்று இருந்தேன். ஏசவில்லை.

"எனக்குச் சொல்லிப்போட்டீங்கள். அந்த வீடுகளுக்கு ஆர் சொல்லுறது?" என்றா.

அன்றைக்கே போனேன். மனிசி வரவில்லை. ராத்தா இடித்துக் கொடுத்த வீடு எல்லாவற்றிலும் படலையில் நின்று, குப்பியைக் களவெடுத்தது நான், ராத்தா இல்லை என்று சொன்னேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ரெண்டு வீட்டுக்காரருக்குக் கதையே தெரியாது, மா தேவைப்படாதபடியால்தான் கூப்பிடவில்லையாம். நான் சொல்லித்தான் அறிந்தார்கள்.

மறு கிழமை ராத்தாவின் வளவில் உலக்கைச் சத்தம் கேட்டது. எல்லா வீடும் திரும்பவில்லை, நாலு வீடு. எங்கள் அரிசியை வாங்கிப்போக அவ பிறகு வரவில்லை. மனிசி கூப்பிடவும் இல்லை. கூப்பிட வெட்கமாம். தானே இடித்தாள். நான் உலக்கையை வாங்கப் போனால் தர மாட்டாள்.