மேக்கணக்கு, மூணாம் லயம்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் புஷ்பவல்லி "வடக்குத்து" என்பாள். அதற்கு மேல் தோண்டிக் கேட்பவர்கள் குறைவு. பதினாலு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவள் அவள் என்பது நெய்வேலியில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும்.

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முந்தைய கதை அது. இலங்கையின் மலைநாட்டில், வெள்ளிமலைத் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளிகளில் அவள் குடும்பமும் ஒன்று. அப்பா, அம்மா, தம்பி, அவள் என்று நாலு பேர் பெயர்தான் காகிதத்தில் இருந்தது. அக்கா அம்சவல்லிக்கு முந்தின தையில் கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவள் வெள்ளிமலையிலேயே தங்கினாள். ரயிலை அங்கே கோச்சி என்பார்கள். கோச்சி கிளம்பும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். பிறகு மேடை முடிந்துவிட்டது.

இங்கே வந்து கலியனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கலியன் சுரங்கத்தில் முப்பது வருடமாகக் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. அவள் நகரியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறாள். அதுவும் கான்ட்ராக்ட்தான்.

அக்காவின் குரல் திரும்பக் கிடைத்துப் பத்து வருடமாகிறது. போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் அக்காவின் மணி. "என்னடி சமைச்ச" என்று தொடங்கும் பேச்சு, "ஒடம்பப் பாத்துக்க" என்று முடியும். நவம்பர் கடைசி வாரத்துக்கு முந்தின ஞாயிறு அக்கா சொன்னாள்: "மழ விடவே மாட்டேங்குதுடி. லயத்துக்குப் பின்னால மேடெல்லாம் ஊறிக் கெடக்கு." வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். அதில் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பிரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா.

அந்த வாரம்தான் டிட்வா புயல் இலங்கையை உலுக்கியது. மலைகள் சரிந்தன. அதே புயல் நெய்வேலிப் பக்கம் வந்தபோது துணி காயாத அளவுக்கு மட்டும் மழை பெய்தது. புஷ்பவல்லி அக்காவின் நம்பரைப் போட்டாள். ஒரு பெண் குரல், "நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியவில்லை" என்றது. நம்பரை இலக்கம் என்று சொல்லும் அந்தத் தமிழைக் கேட்கவே சில நேரம் மறுபடி போட்டாள்.

பள்ளிக்கூட ஹாலில் நிவாரணப் பொருள் சேர்க்க ஆரம்பித்தார்கள். முன்னின்று செய்தது இளவேனில் டீச்சர். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் பயணிகள் விமானத்தில், ஒரு விமானக் கம்பெனி இலவசமாகவே சரக்கை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆட்கள் மேலே உட்கார்ந்திருப்பார்கள், பெட்டிகள் கீழே போகும்.

"தீப்பெட்டி, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. இருபது கிலோவுக்கு மேல போகக் கூடாது. முக்கியமா, தனி ஆளுக்குப் பார்சல் கிடையாது. பேர் எழுதுன பெட்டியை ஏத்த மாட்டாங்க" என்றாள் இளவேனில், போனைப் பார்த்துப் படித்தபடி.

புஷ்பவல்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். "டீச்சர், பேருதான எழுதக் கூடாது?"

"ஆமாங்க்கா."

மறுநாள் அவள் ஒரு கறுப்புக் கம்பளி கொண்டுவந்தாள். நெய்வேலி வெயிலுக்கு யார் கம்பளி விற்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியில் வைத்து விற்கும் வடநாட்டுக்காரனிடம் பூப்போட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, அடியிலிருந்து தேடி எடுத்தது. மலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியின் ஜாடை அதில் இருந்தது. அதை அடியில் வைத்து, மேலே பெட்ஷீட், பால் பவுடர், சோப்பு என்று அடுக்கிப் பெட்டியை ஒட்டினாள். பிறகு மார்க்கரை வாங்கி ஓரத்தில் எழுதினாள்: மேக்கணக்கு, 3 – 5.

தேயிலைத் தோட்டத்தைப் பிரிவு பிரிவாகப் பிரித்துக் கணக்கு என்பார்கள். மேக்கணக்கு என்றால் மேல் பிரிவு. அதில் மூணாம் லயம், அஞ்சாம் காம்பிரா. அக்காவின் வீடு.

இளவேனில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் குனிந்து படித்தாள். "மேல் கணக்கு மூணு, அஞ்சு… மேல மூணு ஐட்டம், கீழ அஞ்சா? நீங்க ஒருத்தர்தான்க்கா ஒழுங்காக் கணக்கு எழுதியிருக்கீங்க."

புஷ்பவல்லி மார்க்கரை மூடித் திருப்பிக் கொடுத்தாள். அது விலாசம் என்று சொன்னால் பெட்டி நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் கலியன் சிரித்தான். "ஒங்க அக்காளுக்கு ஏரோப்ளேன்ல கம்பளி பறக்குது. நான் டவுன் பஸ்ல கம்பியப் புடிச்சிகினு தொங்கறேன்."

"கோச்சி, கப்பல், மறுபடி ரயிலுன்னு நான் ஒரு தகரப் பொட்டியோட வந்தேன். எத்தன நாளு தெரியுமா? இதுக்கு ஒன்னரை மணி நேரமாம்."

"பொட்டி போயிரும்டி. அங்க ஆளு…" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "சோறு போடு."

பன்னிரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் இளவேனில் வேகமாக வந்தாள். "புஷ்பாக்கா, மூணு, அஞ்சுன்னு எழுதின உங்க பெட்டி போய்ச் சேர்ந்துடுச்சு. அங்க இருக்கற வாலண்டியர் பெட்டி மேல இருந்த என் நம்பர்ல கூப்பிடறாங்க. வாங்கினவங்க பேசணுமாம்."

புஷ்பவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்தப் பக்கம் இருமல். வயதான பெண்ணின் இருமல்.

"அக்கா?" என்றாள்.

"ஆமா தாயி, சொல்லு."

படியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நாந்தான் புஷ்பா."

"புஷ்பாவா? நீ நல்லா இருக்கணும் தாயி. நான் இசக்கியம்மா பேசுறேன். கல்லாறுத் தோட்டம். எங்க மேக்கணக்கு மூணாம் லயம், அஞ்சாம் காம்பிரான்னு இலக்கம் போட்டு வந்திருக்கே! இந்தியாவுல யாருக்கு என்னயத் தெரியும்னு மலைச்சிப் போயிட்டேன்."

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை என்பது அப்போதுதான் புஷ்பவல்லிக்கு உறைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் மேக்கணக்கு உண்டு. அதில் மூணாம் லயம் உண்டு. ஆனால் அங்கே பிறந்தவளுக்கு மேக்கணக்கு என்றால் ஒன்றுதான். நகரியத்தில் பத்தாம் பிளாக் என்று சொல்கிறவர்கள் நெய்வேலி என்று சேர்த்தா சொல்கிறார்கள்?

"வெள்ளிமலைத் தோட்டம் தெரியுமாங்க்கா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன, ரெண்டு மல தாண்டி. எங்க சம்பந்தி ஊரு." அந்தப் பக்கம் மறுபடி இருமல். "பாவம் தாயி. அங்க மேக்கணக்கே கீழ வந்துருச்சு. நாலு லயத்துல ஒன்னுகூட நிக்கல. அஞ்சாறு நாளு தோண்டினாங்க. அப்புறம் அந்த எடத்தையே சமாதின்னு விட்டுட்டாங்க. ஒனக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?"

மரத்தடியில் பிள்ளைகள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மண்ணில் வழிந்து அவள் காலடி வரைக்கும் வந்தது. காலை எடுக்கத் தோன்றவில்லை.

"இல்லீங்க்கா. சும்மா கேட்டேன்." பிறகு, "கம்பளி பத்துதா?"

"பேத்தியும் நானும் ஒன்னாப் போத்திக்கிறோம். லயத்துக்கு இன்னும் போக விடல, ஸ்கூல்லதான கெடக்கோம், குளிரு தாங்கல. வேற யாருக்கும் வந்ததோ, இலக்கம் மாறி வந்ததோன்னு ஒரு பயம். அதான் கேட்டுப்புடலாம்னு."

"மாறல. ஒங்களுக்குத்தான் அனுப்புனது. நல்லா போத்திக்கோங்க."

"ஒடம்பப் பாத்துக்க தாயி" என்று சொல்லி அந்தக் குரல் வைத்துவிட்டது.

இளவேனில் கைநீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். சந்தோஷமாக ஏதோ கேட்க வந்தவள், முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது கணக்கு இல்லையாக்கா?"

"எங்க ஊரு டீச்சர்" என்றாள் புஷ்பவல்லி.

சாயங்காலம் கலியன் வாசலிலேயே விஷயம் கேட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பொட்டி சேந்துடுச்சாமே?"

"சேந்துது."

"அக்கா கைக்கா?"

அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "மூணாம் லயம், அஞ்சாம் காம்பிராவுக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கலியன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அடுப்பை அணைத்தான்.