தெம்பு எஷ்டா போம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் சோமனூரில் பாதித் தறிகள் நின்றுபோயின. தறி பிட்டரான அப்பாவுக்கு மொசாம்பிக்கில் ஒரு துணி மில்லில் வேலை கிடைத்தது. அங்கே போர்த்துகீசியம்தான் பேசுவார்கள் என்று சொல்லி, ஏஜெண்ட் இருபது வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார்.

அப்பா அதை என்னிடம் கொடுத்து, தன்னைக் கேள்வி கேட்கச் சொன்னார். நான் ஸ்கேலும் கையுமாக வாத்தியார் ஆனேன். விலை கேட்பது, வழி கேட்பது எதுவும் அவர் வாயில் நுழையவில்லை. ஒன்றுதான் ஒட்டிக்கொண்டது: ‘ஓ தெம்பு எஷ்டா போம்.’ வானிலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

“வெயில் மழைக்குத் தெம்புன்னு பேரு வெச்சிருக்கறாங்க பாரு அம்மணி” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வேலைக்குப் போற மனுசன் வெயிலப் பத்திப் பேசி என்னுங்க பண்றது?” என்றாள் அம்மா.

“தெரியாத ஆளுகிட்ட வேற என்னத்தப் பேசறது?”

போன பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு போன் பூத்துக்குக் கூப்பிடுவார். முதலில் நான்தான் வாங்குவேன். “தெம்பு?” என்பேன். “எஷ்டா போம்!” என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு.

ஐந்தாவது மாதம் போன் வந்தபோது அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் ஓடினேன்.

“தெம்பு?”

இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் மெல்லக் கேட்டது.

“தெம்பே இல்ல அம்மணி. அம்மாகிட்டச் சொல்லு.”

லைன் அறுந்துவிட்டது.

அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன்: “அங்க வானம் நல்லால்லியாமா. மழையாட்ட இருக்குது.”

“பேயட்டும். வெயில்ல வேகறதுக்கு அது தேவலை” என்று அவள் பையிலிருந்த தக்காளியைத் தரையில் கொட்டினாள்.

மூன்று வாரம் கழித்துத் தந்தி வந்தது. மலேரியா. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் அவருடன் வேலை பார்த்த பல்லடத்துக்காரர் அப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்தார். காய்ச்சல் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு மாதம் மறைத்துக்கொண்டே வேலைக்குப் போனாராம்.

“எங்ககிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே” என்றாள் அம்மா. “மண்டையில அடிச்சாவது வரச் சொல்லியிருப்பனுங்களே.”

பல்லடத்துக்காரர் என்னைப் பார்த்தார். “பாப்பாகிட்டச் சொல்லியுட்டேன்னு சொன்னாருங்க. ஊட்டுல இருந்து பதில் வரும்னு பாத்துட்டே இருந்தாருங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று நான் அழுத்தமாகத் தலையாட்டினேன். “மழைன்னுதாம்மா சொன்னாரு.”

“காச்சல் வேகத்துல ஏதோ உளறியிருப்பாருங்க” என்று அம்மா அவரிடம் சொன்னாள். அவரும் ஆமாம் என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அப்பா அன்றைக்கு என்னிடம் பேசியது தமிழ் என்று எனக்குத் தெரியாது.