நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

அன்று புட்போல் கிளப் கூட்டத்துக்கு ஐந்து பேர் இருந்தோம். ஹாபரில் கப்பல் மூட்டை இறக்கிய நான். மைதான மதிலோடு தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பழைய கேப்டன். அவனுடைய தம்பி, கிளப் செயலாளர். கிராண்ட்பாஸில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, எங்களுக்கு நானா. ஜேர்சி எல்லாம் அவர் செலவு. ஒரு காலம் எங்களுக்குக் கோலுக்கு நின்ற சிங்களவன், இப்போது த்ரீவீல் ஓடுகிறவன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மைதானம் பழையது. மழை பெய்தால் ஒரு கோல் தண்ணீருக்குள். சனம் உட்காரும் பலகை வாங்குகள் பாதி உக்கிவிட்டன. ஆனால் சனம் மதிலில் குந்தியிருந்து ரெஃபரியை ஏசும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். நகரத்துக்கு வெளியே லைட் போட்ட புது மைதானம் கிடைக்கும் என்றான் தம்பி. இரண்டு பஸ் மாறி ஒருவரும் வரமாட்டார்கள் என்றேன். இங்கே விளையாடிக் கால் முறிவதை எத்தனை நாள் பார்ப்பது என்றார் நானா. கிளப் போனால் மதில் இடிபடும். மதிலோடு கடையும் போகும். கேப்டனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

எங்கள் கிளப்பில் முடிவெடுக்கக் கை தூக்குவதில்லை. முன்பு தூக்கினோம். தூக்கியவனே பிறகு இல்லை என்பான். அதனால் மைதானத்தில் இறங்கி நிற்க வேண்டும். இருப்பதென்றால் கடைப் பக்கத்துப் பாதி. போவதென்றால் கேட் பக்கத்துப் பாதி. சமமாக வந்தால் இருந்தபடி இருக்கும். காலில் நிற்கிறவனைத்தான் எண்ணலாம். எண்ணுவது நான்.

கேப்டனும் நானும் கடைப் பக்கம் நின்றோம். நானாவும் த்ரீவீல்காரனும் அந்தப் பக்கம். தம்பி நடுக்கோட்டில் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் கடையில் சாப்பிடும்போது அண்ணனோடுதான் நிற்பேன் என்று சொன்னவன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நானா பக்கம் போனான்.

"உனக்குச் சோறு போட்டது இந்தக் கடைடா" என்றான் கேப்டன்.

"ஓம் அண்ணா. அதுக்காகக் கிளப்பை உங்கட கடைக்குக் காவல் வைக்கேலுமே?"

கேப்டன் ஓடிப்போய் மூலைக்கொடிக் கம்பைப் பிடுங்கி வந்தான். தம்பியைக் கொலரில் பிடித்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து அடித்தான். முதல் அடி தோளில். அடுத்தது காதுக்கு மேல். கம்பு முறிந்தது. த்ரீவீல்காரன் பாய்ந்து வந்தான். நான் குறுக்கே போனேன். அவன் தலையால் என் வாயில் இடித்தான். பல்லைத் துப்பிவிட்டு அவன் தொண்டையைப் பிடித்தேன். முறிந்த துண்டால் கேப்டன் அவன் கையில் குத்தினான். ரத்தம் வழிய அவன் கோட்டுக்கு அந்தப் பக்கமே திரும்பிப் போனான். நானா அல்லாவைக் கூப்பிட்டபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

தம்பி சேற்றில் கிடந்தான். கேப்டன் அவன் நெஞ்சில் காலை வைத்தான்.

"கிட. எழும்பாத." பிறகு என்னைப் பார்த்தான். "எண்ணு மச்சான். ரெண்டுக்கு ரெண்டு."

எனக்கு வாய் முழுக்க ரத்தம். எண்ணவில்லை.

தம்பி அந்தக் காலை இரண்டு கையாலும் தள்ளினான். எழும்பினான், விழுந்தான், முழங்காலில் போனான். ஒரு காதிலிருந்து கழுத்து வரை சிவப்பு. கேப்டன் துண்டை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தம்பி கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கோல் வரை போய், கம்பத்தைப் பிடித்து எழும்பி, பிடித்த கையை விட்டு நின்றான்.

"இப்ப எண்ணுங்கோ" என்றான்.

எண்ணினேன். எங்கள் பக்கம் இரண்டு. அந்தப் பக்கம் மூன்று.