‘சி.ஏ. அதிகம்’

ரத்தப் பரிசோதனை லேப்காரரே, என் மனைவியை ஒரு பகல் முழுக்கச் சாகடித்தது நீங்கள்தான்.

‘சி.ஏ. அதிகம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தீர்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சினன், “சி.ஏ.ன்னா புத்துநோய்லா அத்தான்” என்றான்.

டாக்டரைப் பார்க்க அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் அசைந்தன. ஆற்றுப்பாலம் வந்ததும் அவள், “இங்கன இறங்கி ஒரு முங்கு போட்டுட்டுப் போவமா?” என்றாள். தாமிரபரணியில் கண்மூடி மிதந்தாள். நான் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் நின்றேன்.

ஈரச் சேலையோடு வந்தவளிடம் டாக்டர் சொன்னார்: “புத்துநோய்க்கும் அப்படி எழுதுவோம்தான். ஆனா இது கால்சியம்மா. நீங்க சாப்பிடுத சத்து மாத்திரைய நிறுத்தினாப் போதும்.”

இப்போதெல்லாம் முழுப் பெயரையும் எழுதி வாங்காமல் நான் லேப்பை விட்டு நகர்வதில்லை. கால்சியம் என்று எழுத உங்களுக்கு என்ன கேடு? இந்தக் கடிதம் வரும் பத்திரிகையிலேயே பதில் சொல்லுங்கள்.