குலுங்கினால் இருக்கு

டெல்மரின் பழைய பிக்கப் வண்டியில் பெட்ரோல் முள் பாதியில் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. டாங்க் இருக்கைக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருந்தது. ஓடும் வண்டியில் சடாரென்று பிரேக்கை மிதிப்பார். பின்னால் 'சளக்' என்று கேட்டால், "இருக்கு" என்பார். கேட்காவிட்டால் நேரே பங்க். கூட உட்கார்ந்தவர்களின் நெற்றி வீங்கியதுண்டு. வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை. டாங்கை முழுக்க நிரப்பவும் மாட்டார். நிரம்பியது குலுங்காது, பிறகு எதைக் கேட்பது?

மகள் மார்லிஸுக்குச் சர்க்கரை ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலை. இந்த ஒரு முள்ளை மட்டும் அவர் தொட விடவில்லை. "எப்பப் பாத்தாலும் பாதி இருக்கு. தெம்பா இருக்குல்ல?" என்பார்.

சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை முடிந்த வாரம் டெல்மர் இறந்துபோனார். சவப்பெட்டியை அவருடைய வண்டியிலேயே ஏற்றினார்கள். மார்லிஸ் ஓட்டினாள். தேவாலயத்தைத் தாண்டி ஜல்லி ரோட்டில் திரும்பிய பிறகுதான், பெட்ரோல் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இடுகாடுவரை பங்க் கிடையாது. வழியில் நிற்காத மனிதரைக் கடைசிப் பயணத்தில் நிறுத்திவிடக் கூடாது.

பிரேக்கை மிதித்தாள். சத்தமில்லை. பின்னால் வந்த கார்கள் வரிசையாகக் கிறீச்சிட்டன. இன்னும் ஓங்கி மிதித்தாள். பாதிரியார் காரில், அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஹாட்டிஷ் பதார்த்தத் தட்டு சரிந்து அவர் மனைவியின் மடியில் கவிழ்ந்தது. டாங்க் வாயே திறக்கவில்லை.

ஓரங்கட்டினாள். அவள் கேட்பதற்கு முன்பே எல்லாக் காரிலிருந்தும் ஆட்கள் பெட்ரோல் கேனோடு இறங்கினார்கள். டெல்மரின் வண்டிக்குப் பின்னால் போகிறவர்கள் வேறெப்படிப் போவார்கள்? பாதிரியாரும் ஒன்று வைத்திருந்தார். அவரே முதலில் ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் பெட்ரோல் பொங்கி அவர் ஷூவை நனைத்தது.

டாங்க் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

பக்கத்துப் பண்ணை ஆர்வில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாம்மா. காலைல நிரப்பிட்டேன். கடைசி தடவையாச்சும் பயமில்லாம போகட்டும்னு."

"மாமா, நிரம்பினா சத்தம் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உசுரோட இருந்தா என்னை அடிச்சிருப்பான். அதான் இத்தனை நாள் நிரப்பல."

மார்லிஸ் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் முதல் தடவை. சிரிப்பு வேறு பக்கம் திரும்புவதற்குள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இடுகாட்டு வாசல் தெரிந்தது. தேவையே இல்லை, ஆனாலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. டாங்க் பேசவில்லை. கட்டியிருந்த பட்டை தளர்ந்துபோன சவப்பெட்டி முன்னால் நகர்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டியது.

"சரிப்பா," என்றாள். "இருக்கு."