ஆனால் என் ஊர் துறையூர்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, நம்மைப் பற்றி நாமே எழுதும் வாக்கியங்களை வாத்தியார் கற்பித்தார். ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்புச்சொல், அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி, வாசிக்கும்போது அந்த இடத்தில் ஒரு மூச்சு. மற்றப் பிள்ளைகள் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நான் விரதமாக எடுத்துக்கொண்டேன். 'எனக்குப் பசிக்கிறது, ஆகவே சோறு வேண்டும்' என்றுதான் கேட்பேன். அம்மா பொறுமைசாலி.

அந்தச் சமயத்தில்தான் மாத்தளையில் எங்கள் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. நாங்கள் இந்த நாட்டிலேயே நிலைத்திருப்பவர்கள் என்று அதிகாரி நம்பினால் பிரஜைகள். நம்பாவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். அப்பா பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே கொழுந்து மூட்டை சுமந்தார். எனக்கும் ஒத்திகை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அப்பாவின் பதில்களில் திருப்தியடைந்து, கோப்பை மூடப்போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

எழுந்து நின்றேன். "நான் எல்கடுவையில் பிறந்தேன்," மூச்சு விட்டேன், "ஆனால் என் ஊர் துறையூர்."

தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். லயத்து வரிசை வீடுகளில் பிறந்து லயத்திலேயே நரைத்தவர்களும், கப்பலேறி வந்த பாட்டனின் ஊரையே தங்கள் ஊர் என்பார்கள். கல்யாண வீடுகளில் துறையூரை நெஞ்சு நிமிர்த்திச் சொல்பவர் அப்பாதான். நான் அதை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. துறையூர் எங்கே என்று அப்பாவைக் கேட்டார்.

கைகட்டி நின்ற அப்பா கையைக் கீழே விட்டார். "இந்தியாவுலங்க ஐயா. எங்க தாத்தா ஊரு. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுங்க. என் ஊரு எல்கடுவதான்."

"மகள் வேற சொல்லுதே."

"அவளுக்கும் அதுதாங்க ஊரு. புள்ளைக்குத் தெரியல."

எனக்கா தெரியாது? அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் ஊரைக் கேட்டார். அப்பா எல்கடுவ என்றார்.

"அது தோட்டம்ப்பா. நான் ஊரக் கேட்டேன்."

பந்தியே சிரித்தது. அப்பா மறுபடியும் எல்கடுவ என்றே சொல்லிவிட்டு, தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். சொந்த ஊரை மறந்துபோன மனிதருக்கு மகளாக இருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றியே தீருவதென்று, வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, பந்தி முழுவதும் கேட்கும்படி துறையூர் என்றேன்.